அவனுக்கு நான் ஊதிய மூச்சு

மகனே,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். என்னைவிட உயரமாகவும் இருப்பாய். உன் அம்மா வீட்டில் எல்லோரும் உயரம். ஆனால் இதை எழுதும் இந்த மத்தியானத்தில் நீ நாலு வயதுப் பையன். பக்கத்து அறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். தூக்கத்திலும் வலது கை விரல்களை இறுக்கி மடக்கி வைத்திருக்கிறாய். அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் உன் பாஸ்கல் மாமா வந்திருந்தான். உன் அம்மாவின் தம்பி. வியாசர்பாடியில் குத்துச்சண்டை பழகியவன். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உன்னை நாற்காலியில் ஏற்றி நிறுத்தி, தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, குத்தச் சொன்னான்.

"பெர்சாகி இன்னாடா பண்ணுவ?"

"டிரைவர் மூஞ்ச ஒடைப்பேன்."

"எந்தக் கையால?"

"இத்தால." நீ வலது கையைக் காட்டினாய்.

"அப்டி போடு என் ராஜா!"

"குழந்தைக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்காத பாஸ்கலு," என்றேன்.

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீதான் பாதில வுட்டுட்டு வந்துட்ட மாமா. இவனாச்சும் முடிக்கட்டும்."

நான் பாதியில் விட்டது என்ன என்று உன் காதில் ஒருநாள் விழத்தான் போகிறது. பாஸ்கல் சொன்னால் அதில் நான் கோழையாக இருப்பேன், வேறு யாராவது சொன்னால் புனிதனாக இருப்பேன். இரண்டுமே பொய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உன் அம்மா இறந்த வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு உன்னோடு உட்கார்ந்து பேச எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது.

உன் அம்மா ஜெசிந்தாவை நான் முதலில் பார்த்தது மணலிப் பக்கம் நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. டிப்ளமோ படித்தவன், கையில் அளவு தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவள் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க அனுப்பியிருந்தார்கள். தரையில் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து, மூச்சு நின்றவனுக்கு எப்படி நெஞ்சை அமுக்கி வாயில் ஊதுவது என்று காட்டினாள். என் முறை வந்தது. நான் அமுக்கிய வேகத்தில் பொம்மையே நகர்ந்துபோனது.

"சார், இன்னா சார், நட்டா முறுக்கிறீங்க? நெஞ்சு சார் அது!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வீம்பாக ஊதி ஊதிப் பார்த்தேன். "எழுந்துக்க மாட்டேங்கறானே," என்றேன், கிண்டலாகத்தான். அவள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "எழுப்பறது உங்க வேல இல்ல சார். ஊதறது மட்டுந்தான் உங்க வேல. அத ஒயுங்கா பண்ணுங்க," என்றாள்.

கல்யாணமான பிறகும் அவள் அப்படித்தான். ராயபுரத்தில் வீடு. காலையில் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன் நெற்றியில் சிலுவை போடுவாள். அதற்குள் நான் குனிந்து பிரேக் வயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நீ கும்பிடு, நான் பிரேக் பாக்கறேன். ரெண்டுல எது காப்பாத்துதுன்னு பாப்போம்," என்பேன். அவள் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். நான் சர்ச்சுக்குப் போகாதவன் இல்லை. ஞாயிறு பூசை, தவக்காலத்தில் ஒருசந்தி விரதம், எல்லாம் உண்டு. ஆனால் உள்ளுக்குள், என் வீடு நிற்பது என் கையால்தான் என்று இருந்தேன். கடவுள் மேலே மரியாதையாக இருக்கட்டும், கீழே எல்லாவற்றையும் நான் சரிபார்த்துக்கொள்கிறேன் என்று.

அன்று பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். திருவொற்றியூரைத் தாண்டி கடலோரச் சாலையில் ஒரு வளைவு. எதிரே கன்டெய்னர் பெட்டி ஏற்றிய ட்ரெய்லர் லாரி வேகமாகத் திரும்புவதைப் பார்த்து உன் அம்மா ஓரமாக நின்றுவிட்டாள். பிரேக் பிடித்து, காலை ஊன்றி, நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றிருந்தாள். அவள் நின்ற இடத்தில் பெட்டி விழுந்தது.

ட்ரெய்லரின் நாலு மூலையிலும் லாக் இருக்கும். கன்டெய்னரை அதன்மேல் வைத்தவுடன் கைப்பிடியைத் திருப்பி லாக்கைப் பூட்ட வேண்டும். நிறைய டிரைவர்கள் பூட்டுவதில்லை. பூட்டியிருந்தால், வளைவில் பெட்டி சாயும்போது வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். பூட்டாமல் விட்டால் பெட்டி மட்டும் விழும், வண்டியும் டிரைவரும் தப்பிப்பார்கள். விழும் பக்கம் யார் நிற்பார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

யாரோ போன் செய்து நான் போனபோது பெட்டி சாலையில் பக்கவாட்டில் கிடந்தது. ட்ரெய்லர் ஒரு கீறல் இல்லாமல் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நாலு கைப்பிடியையும் பார்த்தேன். நாலும் திறந்திருந்தன. பிறகுதான் பெட்டிக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே பார்த்ததை முழுவதும் எழுத மாட்டேன். முழங்கைக்குக் கீழே அவள் கை வெளியே இருந்தது. அதைப் பிடித்தேன், சூடாக இருந்தது. மூச்சு நின்றவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஊதுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

டிரைவரை ஜனங்கள் பிடித்து வைத்திருந்தார்கள். தனசேகர் என்று பேர், பொன்னேரிப் பக்கத்து ஆள். சட்டை கிழிந்து, மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. "பொண்ணோட வூட்டுக்காரரு வந்துட்டாரு, வழி வுடுங்கப்பா," என்று ஒருவர் சொன்னார். வழி விட்டார்கள். எனக்கென்று அவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். நான் அவன் முகத்தில் குத்தினேன். பல் என் விரலில் ஏறியது. இரண்டாவது குத்துக்கு முன் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

மறுநாள் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்தபோது நாலு லாக்கும் பூட்டியிருந்தன. இரவோடு இரவாக யாரோ திருப்பிவிட்டிருந்தார்கள். லாக் போட்டிருந்தது என்றே அறிக்கை வந்தது. திறந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன், அதன் அர்த்தத்தைச் சொல்லத் தெரிந்தவன், நான் ஒருவன்தான். தனசேகர் ஜாமீனில் வந்தான்.

அடக்கம் முடிந்த பிறகு எங்கள் தெரு அன்பியத்து, அதாவது சர்ச் ஜெபக் குழுவின், பெண்கள் தினமும் சாயங்காலம் நம் வீட்டில் ஜெபமாலை சொல்ல வந்தார்கள். துக்க வீட்டில் அப்படி வந்து உட்காருவது எங்கள் வழக்கம். ஒருநாள் அவர்கள் பாதி ஜெபத்தில் இருக்கும்போது நான் எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்துவந்து பீடத்தில் இருந்த மாதா சுரூபத்தை அடித்தேன். உன் அம்மா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய சுரூபம் அது. தலை பறந்து சுவரில் பட்டது. பிறகு பீடத்தை அடித்தேன், சுவரை அடித்தேன். "மேல கீறவனும் லாக் போடாமத்தான் ஓட்டறான்! அவனுக்கு ஒரு கீறல் வுயாது, வுயறதெல்லாம் எங்க தலமேலதான்!" என்று கத்தினேன். நீ பயந்து அலறினாய். பெண்கள் ஓடினார்கள்.

பிலோமினாக்கா மட்டும் போகவில்லை. காசிமேட்டில் மீன் விற்கிறவள், வாய்த்துடுக்கு உள்ளவள். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் துடைப்பத்தை எடுத்துத் துண்டுகளைப் பெருக்கினாள்.

"ஒட்ச்சிட்டியா? சரி வுடு. கோவத்த போலீஸ்காரன்கிட்ட காட்னா ஒதப்பான். மேனேஜருகிட்ட காட்னா வேல பூடும். மேல கீறவருகிட்டதான் காட்ட முடியும். காட்டு, நல்லா காட்டு. ஆனா கொயந்த முன்னால சுத்திய தூக்காத நைனா, பேஜாராப் பூடும்."

அவள் சொன்னது அன்று எனக்கு எட்டவில்லை. கடவுள் ஒன்றும் செய்ய மாட்டார், நான் செய்துகொள்கிறேன் என்று முடிவெடுத்தேன். இயந்திரத்தைப் பழுதுபார்க்கிற மாதிரியே அதையும் செய்தேன். அழுகை வரவில்லை, பசியும் தெரியவில்லை, கை மட்டும் நிதானமாக இருந்தது. தனசேகர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, மணலி பைபாஸ் பக்கம் ட்ரெய்லர்கள் நிறுத்தும் மைதானத்தில் டயர் மாற்றுகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உன்னை மாத்தூரில் இருக்கும் அத்தை வீட்டில், என் தங்கையிடம், விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரெல்லாம் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், பாஸ்கலும் நானும் பைக்கில் போனோம். என் மடியில் துணியில் சுற்றிய இரும்பு லிவர் கம்பி.

அவன் காலிப் பெட்டிகளின் இரண்டு வரிசைக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு ட்யூபைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். ஓடவில்லை.

"சார்... நானே வரணும்னு இருந்தேன் சார். தைரியம் வரல."

"லாக் ஏன்டா போடல?"

அவன் எச்சிலை விழுங்கினான். "எல்லாரும் அப்டித்தான் சார் ஓட்டறோம்."

அந்த வாக்கியம் முடிவதற்குள் லிவர் அவன் தோளில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கம்பியைத் தடுக்கத் தூக்கிய கையிலும் அடித்தேன். அவன் சுருண்டு விழுந்தான். பாஸ்கல் அவன் விலாவில் மிதித்தான். "எக்கா பேரு சொல்லுடா! சொல்லு!" என்று ஒவ்வொரு மிதிக்கும் கத்தினான். அவனுக்கு எங்கே அவள் பேர் தெரியும்? பிறகு நான் லிவரைக் கீழே போட்டுவிட்டேன். கம்பியால் முடித்தால் அது கம்பி செய்த வேலையாகிவிடும் என்று தோன்றியது. பின்னாலிருந்து அவன் கழுத்தை என் முழங்கை மடிப்பில் வைத்து இறுக்கினேன். அவன் குதிகால்கள் மண்ணை உதைத்தன. என் முன்னங்கையை நகத்தால் கிழித்தான். அந்தத் தழும்பை நீ பார்த்திருப்பாய், இயந்திரத்தில் பட்டது என்று உன்னிடம் சொல்லியிருப்பேன். நான் விடவில்லை. அவன் உதைப்பது குறைந்தது, பிறகு நின்றது. உடம்பு கனமானது.

மனம் குளிரும் என்று நினைத்திருந்தேன். அத்தனை மாதமாக அதற்காகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். எதுவுமே வரவில்லை. முன்பு ஒரு பிணம், இப்போது இன்னொன்று, அவ்வளவுதான். வெயிலில் பெட்டிகள் சூடேறி டொக் டொக்கென்று சத்தம் போட்டன.

"செத்துப் பூட்டான். வா மாமா, வண்டிய எடு," என்றான் பாஸ்கல்.

தனசேகர் முகத்தைத் திருப்பினேன். உதடு நீலமாக இருந்தது. கழுத்தில் விரல் வைத்துத் துடிப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. துடிப்பே இல்லையா, என் விரல் மரத்துப்போயிருந்ததா, தெரியாது. அவனை மல்லாக்கப் போட்டு நெஞ்சில் கை வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். இரக்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். கையைப் பார்த்தேன், அது என் கைதான், இரண்டு நிமிடம் முன்பு அது சொன்னதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கையின்மேல் எனக்குப் பயம் வந்தது. அதுதான் உண்மை.

அமுக்கினேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கை மூடி, அவன் வாயில் என் வாயை வைத்து ஊதினேன். ரத்தமும் புகையிலையும் சேர்ந்த ருசி. உன் அம்மாவுக்குக் கொடுக்க முடியாமல் போன மூச்சு. அதை இவனுக்குக் கொடுக்கிறேனே. பக்கத்தில் துப்பிவிட்டு மறுபடி ஊதினேன்.

பாஸ்கல் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "லூசாய்ட்டியா மாமா? வுடு, சாவட்டும்! எக்காவ கொன்னவன்!" முதுகில் குத்தினான். குத்துச்சண்டை பழகியவன் குத்து எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அமுக்கினேன், ஊதினேன், அமுக்கினேன். நெஞ்சு ஏறி இறங்கியது என் மூச்சால், அவனுடையது வரவில்லை. எல்லாம் சரியாகச் செய்தேன் மகனே. அளவு சரி, வேகம் சரி. சரியாகச் செய்தும் அவன் எழவில்லை. அவனை நிறுத்தத் தெரிந்த எனக்கு மறுபடி ஓடவைக்கத் தெரியவில்லை. அப்போதுதான் உன் அம்மாவின் குரல் கேட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுப்புவது என் வேலை இல்லை.

நான் ஊதுவதற்கு நடுவில் சத்தமாக, கெட்ட வார்த்தை பேசுகிற அதே குரலில், "ஆண்டவரே, என்னால முடியல. நீயே பண்ணு. என்னால முடியல," என்றேன். சுரூபத்தை உடைத்த நாளுக்குப் பிறகு அவரிடம் நான் பேசியது அதுதான். கேட்கத் தகுதியில்லாத இடத்திலிருந்து கேட்டேன். கொன்றவனே உயிரைக் கேட்டேன்.

தனசேகர் இருமினான். முதலில் ஒரு விசில் மாதிரி, பிறகு வாந்தி, பிறகு மூச்சு. அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். முதலுதவி தெரிந்த யாரைக் கேட்டாலும், நேரத்துக்குச் செய்தால் பிழைப்பான் என்பார்கள். எனக்கு நடந்தது வேறு. நான் அவன்மேல் குப்புற விழுந்து அழுதேன். அடக்கத்தின்போது வராத அழுகை. பாஸ்கல் காறித் துப்பிவிட்டு நடந்துபோனான். ஒரு லோடு வண்டியை நிறுத்தி தனசேகரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போலீஸ் வந்து கேட்டபோது, அந்தக் கரகரத்த குரலில் அவன், "ட்ரெய்லர் மேலருந்து வுழுந்துட்டேன் சார்," என்றான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன். அந்த மௌனத்தோடுதான் உன்னைக் குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன், பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.

இப்போது நாளைய விஷயம். நம் வக்கீல் கெட்டிக்காரர். "லாக் தொறந்து இருந்துச்சுன்னு சொல்லு, அதோட நிறுத்து. அதுக்கப்புறம் டிரைவர எங்கயாச்சும் பாத்தியான்னு அவங்க வக்கீல் கேப்பான். இல்லன்னு சொல்லிடு. அவனும் சொல்ல மாட்டான், ஒனக்கு இன்னா வந்துச்சு?" என்றார். பார்த்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் அவரே சொன்னார். கொலைவெறி பிடித்தவன் சொல்லும் சாட்சி என்று என் பேச்சைத் தள்ளிவிடுவார்கள். இரவோடு இரவாக லாக்கைத் திருப்பிப் பூட்டியவர்கள் தப்பிப்பார்கள். என்மேல் வழக்கு வரும். உள்ளே போக வேண்டியிருக்கும். "அம்மா இல்லாத கொயந்த. அப்பனும் இல்லாம பண்ணிடாதய்யா," என்றார்.

இத்தனை நாள் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இல்லாவிட்டால் உன்னை யார் பார்ப்பார்கள் என்று. உன் சாப்பாட்டை நானே சூடு பார்ப்பேன். பள்ளி வேனின் கதவைத் தினமும் இழுத்துப் பார்ப்பேன். வேன்காரர் என்னைப் பார்த்தாலே, "வந்துட்டாருய்யா இன்ஸ்பெக்டரு," என்பார். ஆனால் இன்று காலை நாற்காலிமேல் நின்று நீ கையைக் காட்டியபோது பார்த்தேன். நான் இங்கேயே, உன் பக்கத்திலேயே, எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் கண் முன்னாலேயே என் கையை நீ வாங்கிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கையிலிருந்து உன்னை என்னால் காப்பாற்ற முடியாது. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நான் உன்னை எத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்தாலும் முடியாது.

அவனை எழுப்பியவர் உன் அம்மாவை ஏன் எழுப்பவில்லை என்று நீ கேட்பாய். நானும் கேட்கிறேன், தினமும் கேட்கிறேன், மரியாதை இல்லாமல்தான் கேட்கிறேன். பதில் வரவில்லை. பதில் வந்தால்தான் நம்புவேன் என்று இருந்தால் அது மறுபடியும் நான் பிரேக் வயரை இழுத்துப் பார்க்கிற கதைதான். ஒன்று மட்டும் தெரியும். என்னிடம் ஒன்றுமே இல்லாமல் போன இடத்தில், என் கை செய்ததைத் திருப்ப என் கையால் முடியாமல் போன இடத்தில், அவர் இருந்தார். நான் கூப்பிட்டதால் வந்தார் என்றுகூட நினைக்கவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்தார் என்று நினைக்கிறேன். பெட்டியின் அந்தப் பக்கத்திலும் இருந்தாரா? இருந்திருக்க வேண்டும். இதை எழுதும்போது என் பல் கடிபடுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தனசேகரை மன்னித்துவிடு என்று நான் உனக்குக் கட்டளை போடவில்லை. நானே முழுதாக மன்னித்துவிட்டேனா என்று தெரியாது. அவன் பெயரைக் கேட்டால் இப்போதும் முழங்கை மடங்குகிறது. உனக்குக் கோபம் வரும்போது பிலோமினாக்கா சொன்ன மாதிரி மேலே காட்டு. கத்து, திட்டு, எதை வேண்டுமானாலும் உடை. அவர் தாங்குவார். ஒரு மனிதன் கழுத்தில் மட்டும் கையை வைக்காதே. வைத்த பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். பாஸ்கல் மாமாவை வெறுக்காதே. அவனுக்கு அக்காமேல் இருந்த பிரியம்தான் அப்படித் திரும்பியிருக்கிறது. காலையில் அவனிடம் நாளைக்கு நான் சொல்லப்போவதைச் சொன்னேன். அவன் பெயரை இழுக்க மாட்டேன், அவனே போய்ச் சொல்வதானால் சொல்லட்டும் என்றேன். "உன் மூஞ்சிலயே முயிக்க மாட்டேன்," என்று கதவை அறைந்துவிட்டுப் போனான். ஒருநாள் திரும்பி வந்தால் சோறு போடு.

சாயங்காலம் அத்தை வருகிறாள். உன் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். உனக்கு எந்தப் பால் பிடிக்கும், எந்தக் கதவு சத்தத்துக்குப் பயப்படுவாய் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவள் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு மேலே பார்த்துக்கொள்கிறவரிடம் உன்னைக் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் கை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு விரலாக எடுக்கிறேன்.

நாளை கூண்டில் நிற்கும்போது முதலில் லாக் திறந்திருந்ததைச் சொல்வேன். நம்பினால் நம்பட்டும். பிறகு அவர்கள் வக்கீல் தனசேகரைக் காட்டி, "இவரை அதுக்கப்புறம் பாத்தீங்களா?" என்று கேட்பார். நான் அவனைப் பார்ப்பேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினாலும் ஆட்டுவான்.

"பாத்தேன் ஐயா. கொல்லப் போனேன்," என்று சொல்வேன்.

நீ எழுந்துவிட்டாய். அப்பா என்று கூப்பிடுகிறாய். இதோ வருகிறேன்.